பொங்கல் விழா மேடை: பறை, நாகசுரம், ஓதுவார் பாட்டு, வீணை, கூத்து, எதை எங்கே வைப்பது?

மயூர்விஹார்வாசி கேட்டது:

வணக்கம். தில்லி மயூர் விஹாரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் பொங்கலை ஒட்டி வரும் சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி. இருக்கைகள் 250. கூடத்துக்கு வெளியே ஒரு திறந்த முற்றம் இருக்கிறது. மொத்த நேரம் இரண்டரை மணி. நாகசுரம்-தவில், எட்டுப் பேர் கொண்ட பறைக்குழு, ஒரு ஓதுவார், வீணை, தெருக்கூத்தில் ஒரு காட்சி என்று ஐந்து உருப்படி உறுதியாகிவிட்டது. ஒப்பாரியும் வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள்.

பார்வையாளர்கள் மூன்று வகை. ஊரில் வளர்ந்து இங்கே வந்த பெரியவர்கள். இங்கேயே பிறந்து, வீட்டுத் தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகள். அப்புறம் தமிழே தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்கள். இப்போதைக்கு வரிசை இப்படி: பறை, வீணை, ஓதுவார், கூத்து, நாகசுரம். சுறுசுறுப்பாகத் தொடங்க வேண்டும் என்பதற்காகப் பறையை முதலில் வைத்தோம்.

கேள்வி இதுதான். ஒவ்வொன்றும் மனதைத் தொடும் விதம் வேறு. ஒன்று அடுத்ததைக் கெடுக்காமல் எப்படி அடுக்குவது? சோகத்துக்கு இந்த ராகம், மகிழ்ச்சிக்கு அந்த ராகம் என்று ஒரு பட்டியல் கிடைத்தால் அதை வைத்தே பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கலாமா?

சீவாளி எழுதியது:

வரிசையை மாற்றுங்கள். மூடிய கூடத்தில் பறைக்கு அடுத்து வீணை வைத்தால் வீணை செத்துவிடும். வாசிப்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இதுதான் நடக்கும். இதில் ரசனைக்கு வேலையே இல்லை, காதின் கணக்கு இது.

85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது பரவலாகக் கொள்ளும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணி, 100க்குக் கால் மணி. தாழ்ந்த கூரைக்குக் கீழே எட்டுப் பறை ஒன்றாக அடித்தால் 100ஐத் தொடுவது எளிது. அதற்குப் பிறகு காது கொஞ்ச நேரம் மந்தமாகிவிடும். மெல்லிய ஒலிகள் எட்டாது. வீணையில் ஒரு மீட்டுக்குப் பிறகு தேய்ந்துகொண்டே போகும் அந்த வால்தான் மனதை இழுப்பது. ஒரே மீட்டில் இரண்டு மூன்று ஸ்வரத்தைக் கம்பியை இழுத்துக் கொண்டுவருவதும் அந்த வாலில்தான் நடக்கிறது. மந்தமான காதுக்கு மீட்டின் தலை மட்டும் கேட்கும், வால் கேட்காது. ‘டிங் டிங்’ என்று ஏதோ அடிப்பதாகத் தெரியும், அவ்வளவுதான்.

நாகசுரத்தைப் பற்றி ஒன்று. ஜனவரியில் தில்லிக் குளிரை லேசாக எடுக்காதீர்கள். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறையும், ஊதுகருவிகளின் சுருதி இறங்கும். 30 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் இடையே கணக்குப்படி அரைக் கட்டையில் (ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கும் உள்ள சுருதி இடைவெளி) பாதிக்குச் சற்று மேலேயே இறக்கம் வரும். வாசிப்பவரின் மூச்சு குழலைச் சூடாக்குவதால் நடைமுறையில் அவ்வளவு இறங்காது. ஆனாலும் மின்சாரச் சுருதிப்பெட்டி இறங்காமல் நின்ற இடத்திலேயே நிற்குமே, அந்த உரசல் கேட்பவருக்குக் காரணம் தெரியாத எரிச்சலாகப் படும். உருக வேண்டிய இடத்தில் நெளிவார்கள். அதனால் பத்து நிமிடம் உள்ளறையில் ஊதிச் சூடாக்கிய பிறகு சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். ஹீட்டர் போட்ட அறையின் வறண்ட காற்றில் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு, காய்ந்து இறுகும். நனைத்துப் பதமாக்கிய மாற்றுச் சீவாளி நாலைந்தாவது கையில் இருக்கட்டும். இதை வித்வானுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்கு அந்த அறையும் அந்தப் பத்து நிமிடமும் கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

நாகசுரத்துக்கும் தவிலுக்கும் மைக் வேண்டாம். 250 பேர் கூடத்துக்கு அதுவே அதிகம். ஒலிபெருக்கியில் போட்டால் கணீர் என்பது போய்க் கிறீச் என்று ஆகும்.

ஏழாம்நரம்பு எழுதியது:

ராகப் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். அந்த வழியில் போக வேண்டாம் என்பேன்.

மோகனத்தை எல்லாரும் மகிழ்ச்சிப் பட்டியலில்தான் போடுவார்கள். ஆனால் ஓதுவார்கள் வழிவழியாகத் திருவாசகத்தைப் பாடுவது மோகனத்தில். ‘திருவாசகத்துக்கு உருகார் ஒரு வாசகத்துக்கும் உருகார்’ என்று சொல்லும் அளவுக்கு உருக்கும் பாட்டு, ‘மகிழ்ச்சி’ ராகத்தில் வருகிறது. அப்படியென்றால் உருக்குவது எது? மெதுவான நடை, சொல்லைச் சொல்லாக விட்டு நிற்கும் நிறுத்தம், வரி முடிவில் குரல் இறங்கும் விதம், அந்தச் சொல்லின் பொருள். ராகம் இவை எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும் வீடு. வீட்டில் நடப்பது கல்யாணமா துக்கமா என்பதைச் சுவர் மட்டும் தீர்மானிக்காது.

அதற்காக ஸ்வரத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. மோகனம் ச ரி க ப த. அதில் அந்தர காந்தாரத்தை (மேல் க) எடுத்துவிட்டுச் சாதாரண காந்தாரத்தை (கீழ் க) வையுங்கள், சிவரஞ்சனி ராகம் வந்துவிடும். ஐந்தில் ஒரே ஒரு ஸ்வரம், அதுவும் அரைக் கட்டைதான் இறங்கியது, கூடத்தின் முகமே மாறிவிடும். வீணைக் கலைஞரிடம் கேட்டு இதை இரண்டு நிமிடம் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒரே சொற்கட்டு, ஒரே வேகம், முதலில் மோகனம், பிறகு சிவரஞ்சனி. தமிழ் தெரியாதவருக்கும் பிள்ளைகளுக்கும் எந்த விளக்கமும் வேண்டாம். வேகத்தையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்பது தெரியாமல் போகும். அதில் மட்டும் கவனம்.

பழக்கமில்லாதவருக்கு எதுவும் எட்டாது என்ற கவலையும் வேண்டாம். 1999ல் வெளியான ஓர் ஆய்வில், இந்துஸ்தானி இசையில் பயிற்சியே இல்லாத மேற்கத்தியக் கேட்பவர்களுக்கு ராகங்களைப் போட்டுக்காட்டினார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் நன்றாகவே பிடித்துவிட்டார்கள். சாந்தம் மட்டும் சரியாகப் பிடிபடவில்லை. அவர்கள் பற்றிக்கொண்டது வேகம், மெட்டின் எளிமை அல்லது சிக்கல், ஒலியின் குணம் ஆகியவற்றை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இதையே கணக்கில் வையுங்கள். துள்ளலும் துக்கமும் தானாகப் போய்ச்சேரும். அமைதிக்கு மட்டும் நீங்கள்தான் இடம் ஒதுக்கித் தர வேண்டும். அந்த உருப்படிக்கு முன்னால் பேச்சு, கைதட்டு, விளக்கு மாற்றம் எதுவும் இல்லாமல் ஒரு முழு நிமிடம் தம்புரா மட்டும் ஒலிக்கட்டும். ஒரு நிமிடம் என்பது மேடையில் நீளமாகத் தெரியும். சுருக்கிவிடாதீர்கள்.

தில்லிக்கென்று ஒரு எச்சரிக்கை. இந்துஸ்தானி கேட்டுப் பழகிய காதுக்கு ராகம் நேரத்தோடு கட்டப்பட்டது. நம் சுபபந்துவராளியின் ஸ்வரங்கள் அவர்களுக்குத் தோடி, அது காலைக்குரியது. மாலை ஏழு மணிக்கு அதைக் கேட்டால் ஏதோ இடம் மாறி நிற்பதுபோல இருக்கும். நம் ஹிந்தோளம் அவர்களுக்கு மால்கௌன்ஸ், பின்னிரவு. மோகனம் அவர்களுக்குப் பூப், கல்யாணி அவர்களுக்கு யமன், இரண்டும் முன்னிரவுக்கு உரியவை. உங்கள் மாலைக்கு இவை இரண்டும் கச்சிதம். நம்மிடமும் இந்த வழக்கம் இருந்ததுதான். காலையில் மருதப்பண்ணும் மாலையில் செவ்வழியும் வாசிக்க வேண்டிய பாணர்கள், வள்ளல் நள்ளியின் கொடையால் வறுமை தீர்ந்து, முறையை மறந்து மாற்றி வாசித்தார்கள் என்று புறநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது.

ஓதுவாருக்கு ஒரு வேண்டுகோள். விருத்தம் (தாளமில்லாமல் பாடும் செய்யுள்) பாடும்போது பிள்ளைகளுக்குச் சொல் புரியாது என்று நினைத்து முன்கூட்டியே பொழிப்புரை வாசிக்காதீர்கள். ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்து, அதன் பொருளை இரண்டு வாக்கியத்தில் தமிழிலும் இந்தியிலும் சொல்லிவிட்டுப் பாடட்டும். அந்த வரி வரும்போது எல்லாரும் அதற்காகக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பே பாதி வேலை. 2011ல் மான்ட்ரியலில் நடந்த மூளைப் படமெடுப்பு ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. தமக்குச் சிலிர்ப்பூட்டும் இசையைக் கேட்டவர்களின் மூளையில், சிலிர்ப்பு வரும் கணத்துக்குச் சில நொடி முன்பே, அதை எதிர்பார்க்கும்போதே, டோபமைன் சுரந்தது. எதிர்பார்ப்புக்கும் சிலிர்ப்புக்கும் மூளையில் வெவ்வேறு பகுதிகள் வேலை செய்தன. எதைக் கேட்கப்போகிறோம் என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், முழுதும் தெரிந்திருக்கக் கூடாது.

கூத்துக்களரி எழுதியது:

கூத்துக் காட்சி எது என்று நீங்கள் சொல்லவில்லை. கர்ணன் போருக்குப் புறப்படும் முன் பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். கதை தெரியாதவருக்கும் ‘கணவன் சண்டைக்குப் போகிறான், திரும்ப மாட்டான்’ என்ற ஒரே வரி போதும்.

கூத்தில் அழுகை வருவது பாட்டால் மட்டும் இல்லை. கூத்தை நடத்திச்செல்லும் கோமாளியான கட்டியங்காரன் சிரிக்கவைத்துத் தளர்த்திய மனதில்தான் அது இறங்கும். சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதுதான் சூட்சுமம். கடைசி நகைச்சுவைக்கும் விடைபெறும் பாட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் ஆர்மோனியமும் முகவீணையும் (கூத்தின் சிறு ஊதுகுழல்) மெதுவாகப் போக, கட்டியங்காரன் சும்மா நிற்கட்டும். இடைவெளி இல்லாமல் போனால் கூட்டம் சிரித்த வாயோடு இருக்கும், சோகத்தையும் கேலி என்று எடுத்துக்கொள்ளும். பத்து நிமிடம் இழுத்தாலும் கெட்டது. மனம் மறுபடி இறுகிவிடும்.

மொழி தெரியாதவர்களுக்குத் தனியாக அறிவிப்பாளர் தேவையில்லை. கட்டியங்காரனின் வேலையே கூட்டத்தோடு அன்றன்றைய பேச்சில் பேசுவதுதான். அவர் இந்தியில் நாலு வரி பேசினால் மரபு கெடாது, அதுவும் மரபுதான். இந்தி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரை ஒத்திகையில் அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மேடைக்குக் குறைந்தது 12 அடிக்கு 12 அடி வேண்டும். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு கிறுகி ஆடுபவருக்கு அதற்குக் குறைந்தால் கால் தயங்கும். கால் தயங்கினால் வீரம் போச்சு. திரைப் பிரவேசத்தைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் சலங்கை மட்டும் கேட்டு, கிரீடத்தின் நுனி மட்டும் தெரிந்து, அப்புறம் முகம் வருவதுதான் பெருமிதத்தை ஏற்றுவது. நேரம் போதவில்லை என்றால் பின்னால் இரண்டு சரணத்தைக் குறையுங்கள். மொத்தம் 30 நிமிடம் கேளுங்கள். 15 நிமிடக் கூத்து வேடம் காட்டுவதாகத்தான் முடியும்.

விளக்கு: கூடத்தின் வெள்ளை எல்.ஈ.டி.க்களை அணைத்துவிட்டு மஞ்சள் ஒளி தரும் இரண்டு விளக்கைக் கீழிருந்து மேலாக, முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். அரிதாரத்தின் சிவப்பு வெள்ளை ஒளியில் வெளிறிப்போகும், கண்ணும் புருவமும் எழாது.

ஒப்பாரியைப் பற்றி நேராகச் சொல்கிறேன். பொங்கல் விழாவில் வேண்டாம். அது அருமையான கலை. ஆனால் இழவு வீட்டுக்கு உரியது, நல்ல நாளில் பாடினால் பெரியவர்கள் பலருக்கு மனசு கலங்கும். அந்தக் கலக்கம் கலையால் வந்த கலக்கமாக இருக்காது. வேறு ஒரு நாளில், அதற்கென்றே கூட்டி, ஒப்பாரி பாடும் அம்மாக்களை உட்காரவைத்துக் கேளுங்கள். அன்று மைக்கை வாய்க்கு அருகில் வைக்காதீர்கள், மூச்சு உடைவதுதான் அதில் பாட்டு. இந்த விழாவுக்குத் தாலாட்டு வையுங்கள். இறங்குமுகமான வரி, திரும்பத் திரும்ப வரும் விளி, ஒரே ஆளை நோக்கிப் பாடுவது என்று பாட்டின் உடம்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மயூர்விஹார்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒப்பாரியை எடுத்துவிடுகிறோம். அப்படியானால் பறையைக் கடைசியில் வைக்கலாமா? காது மந்தமானாலும் அதற்குப் பின்னால் எதுவும் இல்லையே. இன்னொன்று, கூடத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். பறையைக் காய்ச்ச என்ன செய்வது?

அடிக்குச்சி எழுதியது:

கடைசியில் வைக்காதீர்கள். பாதிக் கூட்டம் வண்டியை எடுக்கப் போகும் நேரத்தில் பறையடிப்பது, கூட்டத்தை வழியனுப்பும் சத்தமாக அதை ஆக்கிவிடும். எத்தனையோ காலம் வாசலிலேயே நிறுத்தப்பட்ட கருவி அது. அதற்கு முழுக் கூட்டமும் முழுக் கவனமும் வேண்டும்.

உங்களிடம் முற்றம் இருக்கிறதே, அதுதான் விடை. மாலை 5 மணிக்கு முற்றத்தில் பறையோடு தொடங்குங்கள். ஜனவரி நடுவில் தில்லியில் சூரியன் மறைய ஐந்தே முக்கால் ஆகும், அதனால் வெளிச்சமும் கொஞ்சம் கதகதப்பும் மிச்சம் இருக்கும். நெருப்பை அங்கேயே ஒரு இரும்புத் தொட்டியில் மூட்டலாம். வைக்கோல் கிடைத்தால் வைக்கோல், இல்லையென்றால் பழைய செய்தித்தாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் மணலும். கூட்டம் நெருப்பைச் சுற்றி நிற்கட்டும், காய்ச்சுவதையும் பார்க்கட்டும். தளர்ந்த தோல் ‘தொப் தொப்’ என்றிருந்து சூடு ஏற ஏற ‘டங்’ என்று இறுகி வருவதைக் காதால் கேட்பதே பிள்ளைகளுக்குப் பெரிய ஈர்ப்பு. அடி விழுவதற்கு முன்பே உடம்பு தயாராகிவிடும்.

காய்ச்சும்போது பறையைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் தோல் கருகும். சட்டத்தில் தோலை ஒட்டியிருப்பது புளியங்கொட்டைப் பசை, ஓரத்தில் சூடு மிஞ்சினால் அது விட்டுவிடும். தில்லி மூடுபனியின் ஈரத்தில் தோல் ஊரைவிடச் சீக்கிரம் தளரும். அதனால் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் காய்ச்சாமல், தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன் கடைசிச் சுற்றுக் காய்ச்சல் இருக்கட்டும். நடுவில் தளர்ந்தால் இரண்டு இரண்டு பேராக நெருப்புக்குப் போய்வரலாம். வட்டம் உடையாமல் அதைச் செய்யக் குழுவுக்குத் தெரியும்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். சின்னக் குழந்தைகளையும் காதுக்கருவி போட்ட பெரியவர்களையும் பின்வரிசைக்கு அனுப்புங்கள். கால் மணி நேரம் போதும். பறை மனதைத் தொடுவது காதுவழியாக மட்டும் இல்லை. நெஞ்சிலும் காலிலும் அடி இறங்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரிடம் பாதிதான் இறங்கும். நாற்காலி போடவே போடாதீர்கள், முடியாதவர்களுக்கு மட்டும் ஓரமாகச் சில. தொடங்கியதும் வேகமாக அடிக்காமல் ஒரே அடியை மெதுவாக இரண்டு நிமிடம் வைத்து, கூட்டத்தின் தலையும் காலும் அதோடு சேர்ந்ததும் வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள். கூட்டம் சேருவதற்கு முன் வேகம் கூடினால் அவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகவே நின்றுவிடுவார்கள். கலைஞர்களின் பெயரை அறிவியுங்கள், மற்றக் குழுக்களுக்குத் தரும் அதே மரியாதையும் சம்பளமும் இருக்கட்டும்.

அது முடிந்ததும் அங்கேயே சர்க்கரைப் பொங்கலும் தேநீரும் 25 நிமிடம். காது தெளிய அந்த நேரம் வேண்டும், வெறும் விருந்தோம்பலுக்காக இல்லை.

சீவாளி எழுதியது:

அடிக்குச்சி ஐயா சொன்னது அருமை. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முற்றத்திலிருந்து கூட்டத்தைக் கூடத்துக்குள் அழைத்துப்போக அறிவிப்பு வேண்டாம், நாகசுரம் அழைத்துப் போகட்டும். ஆளை நடத்திக் கூட்டிப்போவது அதன் பிறவிக்குணம். சாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் மல்லாரி வாசிப்பது வழக்கம். அதில் சாகித்யம் (பாட்டு வரி) இல்லை, தாளச் சொற்கட்டுதான், அதனால் மொழி தெரியாதவருக்கும் எதுவும் குறையாது. சாமி இல்லாமல் மல்லாரி கூடாது என்று யாராவது சொன்னால் கம்பீரநாட்டை ஆலாபனையோடு நடக்கலாம், ச க ம ப நி என்ற ஐந்து ஸ்வரத்திலேயே அந்த நிமிர்வு வந்துவிடும். உள்ளறையில் ஊதிச் சூடாக்கிய குழலோடு வெளியே வந்து, ஐந்து நிமிடத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். வெளியே நிற்க நிற்கச் சுருதி இறங்கும். சுருதிப்பெட்டியை உள்ளே போன பிறகு போடுங்கள்.

உள்ளே பத்து நிமிடம் வாசித்து முடிக்கட்டும். பிறகு ஓதுவார் 20 நிமிடம், அதன்பின் வீணை 20, தாலாட்டு 5, கடைசியில் கூத்து 30. வீணையை நாகசுரத்துக்கு நேர் அடுத்து வைக்கவில்லை, கவனியுங்கள். நடுவில் ஓதுவாரின் தனிக்குரல் இருப்பதால் காது படியிறங்கி வரும்.

சுருதித் தாவலையும் பாருங்கள். நாகசுரம் இரண்டு, இரண்டரைக் கட்டையில் இருக்கும், ஆண்குரல் ஒன்று அல்லது ஒன்றரை. மாறும் இடத்தில் புதுத் தம்புரா ஒரு நிமிடம் தனியாக ஒலிக்காவிட்டால் முதல் வரி முழுக்க அபசுரம்போலத் தோன்றும். அந்த ஒரு வரி போனால் ஓதுவார் மீண்டும் கூட்டத்தைச் சேர்த்துப் பிடிக்க ஐந்து நிமிடம் ஆகும்.

ஏழாம்நரம்பு எழுதியது:

வரிசை எனக்கும் சரி. கூடத்தின் எதிரொலி பற்றி யாரும் சொல்லவில்லையே. காலிக் கூடத்தில் ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். ஒலி ஒன்றரை நொடிக்குமேல் நின்றால் ஓதுவாரின் சொல் குழையும். பக்கச் சுவரில் கனமான திரை தொங்கவிட்டு, மேடைக்கு எதிர்ச்சுவரில் ஜமக்காளம் கட்டுங்கள். ரொம்பவும் அடைத்துவிட வேண்டாம். 250 பேரும் ஸ்வெட்டரும் சால்வையுமாக வந்து உட்கார்ந்தால் அதுவே நிறைய ஒலியைக் குடித்துவிடும், வீணை வறண்டு போகும். ஓதுவாருக்குச் சரியாக இருக்கிறதா என்பதை ஆள் நிறைந்த பிறகுதான் சொல்ல முடியும். ஒலிக்காரரைக் கடைசி வரிசையில் உட்காரவையுங்கள்.

தொல்காப்பியர் உணர்ச்சிக்கு வைத்த பெயர் மெய்ப்பாடு. உள்ளே நடப்பது உடம்பில் தெரிவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒரு மாலையில் எட்டையும் தொட ஆசைப்படாதீர்கள். உங்கள் வரிசையில் இயல்பாக நாலு வருகிறது: பறையில் உவகை, நாகசுரத்தில் பெருமிதம், கூத்தில் நகையும் அழுகையும். ஓதுவாரும் வீணையும் இந்த எட்டில் எதிலும் சரியாக அடங்காத ஓர் அமைதிக்கு. அதனால்தான் அந்த 40 நிமிடத்துக்கும் கூட்டத்தின் உதவி வேண்டும் என்று மேலே சொன்னேன்.

பிள்ளைகளுக்கு ஒன்று. வீணையில் ஆதி தாளத்தில் ஒரு உருப்படி வைத்து, அதற்கு முன் தாளம் போடச் சொல்லிக்கொடுங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு. மறுபடி தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு, கற்றுக்கொள்ள இரண்டு நிமிடம். தாளம் போடுகிற பிள்ளைக்கு, கோர்வை (முடிவுக்கான தாளக்கட்டு) மூன்று முறை வந்து எடுப்பில் (பாட்டு தொடங்கும் இடத்தில்) விழும்போது தன் கையிலேயே அது விழுகிறது. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிற பிள்ளைக்கு அது வெறும் முடிவு. இதற்கு மிருதங்கம் கூட வேண்டும். ஹீட்டர் பக்கம் வைக்காதீர்கள், தொப்பியில் (இடப்பக்கத் தோல்) அப்பிய ரவை காய்ந்து உதிரும், வலந்தலை (வலப்பக்கத் தோல்) சுருதி ஏறிவிடும்.

கூத்துக்களரி எழுதியது:

கூத்து கடைசியில் வருவதால் ஒன்று. பொன்னுருவி பாட்டு முடிந்த கையோடு நன்றியுரை, நினைவுப்பரிசு, குழுப்படம் என்று மேடையை நிரப்பிவிடாதீர்கள். மரியாதை செய்ய வேண்டியதை எல்லாம் தேநீர் நேரத்திலேயே முற்றத்தில் முடித்துவிடுங்கள். கர்ணன் போன பிறகு முகவீணை ஒரு சுற்று வாசித்து நிற்கட்டும், விளக்கு உடனே எரிய வேண்டாம். அரை நிமிடம் கழித்துக் கட்டியங்காரன் வந்து மங்களம் பாடுவார். கூட்டம் எழுந்துகொள்ளும்.